நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில்

மதுரை ரயில் வந்து நிற்கும்போது மதினி பிளாட்பாரத்தின் கடைசியில், வேப்பமரத்துக்குக் கீழே நிற்பாள். யாரையோ கூட்டிப்போக வந்தவள் மாதிரி முன்னால் வந்து எட்டிப் பார்க்கமாட்டாள். ஆட்கள் எல்லாம் இறங்கி, மூட்டை முடிச்சுகள் இறங்கி, டிக்கெட் வாங்குகிறவரும் கேட்டை விட்டுப் போன பிறகு, ஒவ்வொரு பெட்டியாக ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கடைசிவரை நடப்பாள். அப்புறம் வீட்டுக்கு வந்து உலை வைப்பாள். அந்த ரயிலுக்குப் போடிநாயக்கனூர்தான் கடைசி ஊர். அதற்கு மேல் தண்டவாளம் கிடையாது, மலைதான். வரவேண்டியவன் தூங்கிப்போய் அடுத்த ஊருக்குப் போயிருப்பான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாத ஸ்டேஷன்.

வளவுக்குள் யார் நுழைந்தாலும் மதினி கேட்கிற முதல் கேள்வி, "வந்தாச்சா?" என்பதுதான். சந்தைக்குப் போய் வந்தவளிடமும் கேட்பாள், சாமி கும்பிடப் பழனிக்குப் போய் வந்தவரிடமும் கேட்பாள். முக்குக் கடையில் காப்பித்தூள் வாங்கிக்கொண்டு நான் திரும்பினாலும் அதே கேள்வி. எனக்குச் சிறுவயதிலிருந்தே வாய் கொஞ்சம் நீளம். "இல்ல மதினி, இன்னும் வந்துக்கிட்டேதான் இருக்கேன்" என்பேன். "சரி, வெரசா வா" என்று அவளும் விடமாட்டாள். சிரிக்காமல் சொல்வாள். அதனால் எனக்கு எரிச்சல் இன்னும் கூடும்.

சொந்த மதினி இல்லை. ஒரே வளவில் ஏழெட்டு வீடுகள், ஒரே குழாய், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுடையது. அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிட்டதால் இவள் மதினி ஆனாள். அண்ணன் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிற ஜீப்பு ஓட்டினார். மதினி ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கப் போவாள். பருவத்துக்கு மலையில் காய் எடுக்கவும் போவாள். என்னைவிட ஒரு பத்து வயது கூட இருக்கும். அவள் உடம்பில் எப்போதும் ஏலக்காய் வாசம் அடிக்கும். எங்கள் ஊரில் பாதிப் பேர் மேல் அந்த வாசம் உண்டு, அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

அவளுக்கு ஒரே மகன். எழுபத்தைந்து வாக்கில், அவனுக்குப் பத்துப் பதினோரு வயது இருக்கும்போது, வடக்கே முறுக்குக் கம்பெனியில் சேர்த்துவிடுகிறேன் என்று ஓர் ஆள் வந்தான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அப்படிப் போவது வழக்கம்தான். முறுக்குச் சுற்றுவார்கள், மாவு பிசைவார்கள், சித்திரைத் திருவிழாவுக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஊருக்கு வருவார்கள். படிப்பு ஏறாத பிள்ளை ஒரு தொழிலாவது கற்றுக்கொள்ளட்டும் என்று அண்ணன்தான் அனுப்பினார். தெருப் பிள்ளைகள் இன்னும் சிலர் கூடப் போனார்கள். மறு சித்திரைக்கு அவர்கள் எல்லோரும் ரயிலில் வந்து இறங்கினார்கள். இவன் மட்டும் இறங்கவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு நாள் ஓடிப்போய்விட்டான், எங்கே போனான் என்று தெரியவில்லை என்று பிள்ளைகள் ஒரே மாதிரி சொன்னார்கள். அண்ணன் வடக்கே போய்த் தேடிவிட்டு, பாதி ஆளாகத் திரும்பி வந்தார். ஓடிப்போன பிள்ளை என்றைக்காவது ஓடி வரும் என்று மதினி ரயிலுக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

ஆனால் ஆள் எண்ணுகிற அந்தப் புத்தி அவளுக்கு மகன் போன பிறகு வந்தது இல்லை. அதற்கு முன்பே இருந்தது. ஒரு தடவை லீவுக்கு நானும் அவளோடு காய் எடுக்கப் போயிருந்தேன். போடிமெட்டுக்கு மேலே, பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கிற செடி தெரியாத எஸ்டேட். சாயங்காலம் எல்லோரும் ஜீப்பில் ஏறி நசுங்கி உட்கார்ந்த பிறகு மதினி மட்டும் கீழே நின்றாள். எங்களோடு காய் எடுத்த பொட்டிபுரத்துக்காரி எங்கே என்று கேட்டாள். அவள் முந்தின ஜீப்பிலேயே போயிருப்பாள், ஏறு ஏறு என்று கங்காணி சத்தம் போட்டார். மலையாளத்துக்காரக் கணக்கப்பிள்ளை, "இது வல்லாத்த சல்யம்" என்று, தொல்லை தாங்காதவராய்த் தலையில் அடித்துக்கொண்டார். ஜீப்புக்குள் இருந்த பெண்களும் ஏசினார்கள், பிள்ளைகளுக்குச் சோறு பொங்க வேண்டாமா என்று. மதினி ஜீப்பின் முன்மூக்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஓட்டுகிறவர் அவள் புருஷன்தான். அவர் சொல்லியும் அசையவில்லை. அப்புறம் அவளே சரிவில் இறங்கி, பனிக்குள் கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஓடைக்கரையில் கால் பிசகி, அட்டை கடித்து, கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள் பொட்டிபுரத்துக்காரி. அவளைத் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தபோது ஏசின பெண்களே நகர்ந்து இடம்விட்டார்கள். மதினி ஏறி உட்கார்ந்துவிட்டு, "இப்பப் போகலாம்" என்றாள்.

அவளும் நானும் சிலுவைப் போர் ஆடிய கதைக்கு வருகிறேன்.

பி.யு.சி.யோடு என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அஞ்சல் வழியில் பி.ஏ. சரித்திரம் எழுதிக்கொள்கிறேன் என்று அழுது சம்மதம் வாங்கினேன். சம்மதம் வாங்கிய பிறகுதான் தெரிந்தது, எனக்கு வருஷம் மனதில் நிற்காது என்று. சரித்திரம் படிக்க வந்தவளுக்கு வருஷம் நிற்காவிட்டால் என்ன செய்வது! ஐரோப்பாவின் இடைக்காலம் என்று ஒரு பேப்பர். அதில் சிலுவைப் போர்கள். ஜெருசலேமைப் பிடிக்க வேண்டும் என்று ஐரோப்பாவிலிருந்து ராஜாக்களும் பிரபுக்களும் இருநூறு வருஷம் படை படையாகப் போனார்கள். எட்டு தடவை போனார்கள் என்று கைடில் போட்டிருந்தது. எது முந்தி, எது பிந்தி, எவர் எங்கே தோற்றார் என்று கூடத்தில் நடந்து நடந்து சத்தமாகப் படிப்பேன். மூன்றாவதில் நுழைந்து ஏழாவதில் வெளியே வருவேன்.

மதினி ஒருநாள் குழாயடியில் வைத்துக் கேட்டாள். "ஏத்தா, நித்தமும் போறாக போறாகன்னு படிக்கிறியே. வந்து சேர்ந்தாகளா இல்லையா, அதைச் சொல்லமாட்டேங்குறியே?"

அதுதான் ஆட்டத்துக்கு ஆரம்பம்.

அவள் வீட்டுச் சிமிண்டுத் தரையில் ஆணியால் கீறிய தாயக்கட்டம் ஒன்று உண்டு. தாயம் தெரியாதவர்கள் இருந்தால் இவ்வளவு போதும்: ஒன்று விழுந்தால் அதுதான் தாயம், தாயம் விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கலாம். எதிராளி காய் இருக்கிற கட்டத்தில் போய் விழுந்தால் அதை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் மறுபடி வெளியே போய் உட்கார வேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர், மலையில் நிற்கிற காயை யாரும் தொடக்கூடாது. ஒரு காயையாவது வெட்டியவர்தான் உள்சுற்றுக்குள் போகலாம். நடுக்கட்டத்தைத் தொட்டுவிட்டால் காய் பழம் ஆகிவிடும்.

"நடுக்கட்டம் உன் ஜெருசலேமு" என்றாள் மதினி. போகிறவர்கள் அவள் காய், எட்டு ஏலக்காய். ஊரைக் காக்கிற சுல்தான் ஆட்கள் என் காய், உடைந்த வளையல் துண்டுகள். கட்டத்துக்கு வெளியே ஏலக்காய்கள் தாயத்துக்குக் காத்திருக்க வரிசையாக எட்டு வீடு கீறி, சாக்பீஸால் நம்பர் போட்டோம். ஒன்றாம் நம்பர் இறங்காமல் இரண்டு இறங்கக்கூடாது. ஒரு காய் இறங்கும்போது அது எந்த வருஷம், யார் போனார்கள், என்ன ஆனார்கள் என்று நான் சொல்ல வேண்டும். கைடை மடியில் விரித்துவைத்துக்கொண்டு அவள் சரிபார்ப்பாள். தப்பாகச் சொன்னால் என் வளையல் ஒன்று போச்சு. ஆயிரத்துத் தொண்ணூற்றாறு, முதல் படை, போய்ச் சேர்ந்தது, ஊரே ரத்தம். ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு, இரண்டாவது, தோற்றுத் திரும்பியது. வளையல் போய்விடும் என்ற பயத்தில் வருஷம் எப்படி நிற்கிறது பாருங்கள்! நாலாவது படை போகிற வழியில் தன் மதத்துக்காரன் ஊரான கான்ஸ்டாண்டிநோபிளையே கொள்ளையடித்தது என்று படித்தபோது மதினி கைடை மூடிவிட்டு, "கிறுக்குப் பயலுக" என்றாள்.

வருஷம் அவளுக்கு ஒன்றும் நிற்காது. அவளுக்கு வேண்டியது வேறு. புறப்பட்டது எத்தனை பேர், திரும்பியது எத்தனை பேர், வீட்டில் காத்திருந்தவர்களுக்கு யார் தகவல் சொன்னார்கள்? இதெல்லாம் கைடில் இல்லை என்றால் நம்பமாட்டாள். என் பக்கத்துக்கும் நியாயம் பேசுவாள். அவர்கள் ஊரில் அவர்கள் பாட்டுக்கு இருந்தவர்களை இவர்கள் எதற்குப் போய் வெட்ட வேண்டும் என்பாள். ஆறாவதாகப் போன ஜெர்மன் ராஜா சண்டையே போடாமல், பேசியே ஊரை வாங்கிவிட்டார் என்று சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அன்றிலிருந்து ஆறாம் நம்பர் காய் மட்டும் யாரையும் வெட்டாமல் உள்சுற்றுக்குப் போகலாம் என்று சட்டம் ஆக்கிவிட்டாள். எட்டாவதில் பிரெஞ்சு ராஜா போய்ச் சேரவே இல்லை, பாதி வழியில் சீக்கு வந்து செத்துப்போனார். அதைப் படித்தபோது அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"சாகும்போது கூட யாரு இருந்தா?"

தேடிப் பார்த்தேன். மகன் கூட இருந்தான் என்று போட்டிருந்தது. "அப்பச் சரி" என்று தாயத்தை உருட்டினாள்.

நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில், கைடில் ஒரு சின்னப் பத்தி இருந்தது. சிறுவர் சிலுவைப் போர். பெரியவர்களால் முடியாததைப் பிள்ளைகள் செய்யும் என்று யாரோ கிளப்பிவிட, பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீட்டை விட்டு நடந்தே புறப்பட்டார்கள். கடல் விலகி வழிவிடும் என்று கரையில் நின்றார்கள். கடல் விலகவில்லை. வியாபாரிகள் சிலர், நாங்கள் கூட்டிப்போகிறோம் என்று கப்பலில் ஏற்றினார்கள். இரண்டு கப்பல் மூழ்கியது. மிச்சப் பிள்ளைகளை விற்றுவிட்டார்கள். இது போர்களின் கணக்கில் சேராது என்று கடைசி வரி.

இதை அவளிடம் படித்துக் காட்டலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறைத்தாலும் கைடு அவள் மடியில்தானே இருக்கிறது, அவளுக்கும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தேன். அவள் கைடைத் தன் பக்கம் திருப்பி, கடைசி வரியை மறுபடி எழுத்துக்கூட்டினாள்.

"ஏன் கணக்குல சேராது? புள்ளைகன்னா எண்ணமாட்டாகளா?"

எனக்கு என்ன தெரியும், புத்தகத்தில் அப்படிப் போட்டிருக்கிறது என்றேன்.

"புத்தகத்துல என்னமும் போட்டுட்டுப் போறாக. நம்ம கட்டத்துல அவுகளுக்கு ஒரு வீடு கீறு."

நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் இடுக்கி ஒரு வீடு கீறினேன். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு காயை எடுத்து அதில் வைத்தாள். கிட்டங்கியில் பொறுக்கும்போது விலைக்கு ஆகாது என்று ஒதுக்குவார்களே, அந்த மாதிரிச் சிறுத்த காய். அந்தக் காய்க்கு அவள் போட்ட சட்டங்கள் தனி. அதை யாரும் வெட்டக்கூடாது. மற்றவர்களுக்கு நடுக்கட்டம் ஜெருசலேம், இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது வீடு. எந்த ஆட்டமானாலும் அந்தக் காய் பழம் ஆன பிறகுதான் கட்டத்தைக் கலைக்க வேண்டும். எத்தனையோ நாள் மற்ற காய்களின் ஆட்டம் முடிந்த பிறகும், அந்த ஒரு காயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக இரண்டு பேரும் உட்கார்ந்து தாயம் உருட்டியிருக்கிறோம்.

அதற்கு மட்டும் ஏன் நம்பர் இல்லாமல் இருக்கிறது, அஞ்சு என்று போட்டு மற்றதைத் தள்ளிப் போட்டுவிடவா என்று ஒருநாள் கேட்டேன். வேண்டாம் என்றாள். "அவன் வந்து சேரட்டும். வந்தப்பெறகு போட்டுக்கலாம்." யார் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் அப்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகனை நீங்கள்தானே அனுப்பினீர்கள் என்று மதினி ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. தினமும் மலையிலிருந்து அவர் திரும்பும்போது அவரையும், "வந்தாச்சா?" என்பாள். ஒரு தடவை அவர் வெடித்துவிட்டார். "நாந்தான் தெனமும் வந்து தொலைக்கிறேனே, என்னைய என்னத்துக்குக் கேக்குற?" என்றார். அவள் தட்டை எடுத்து வைத்தாள். மறுநாளும் கேட்டாள். அதிலிருந்து அவர், "ம்" என்று மட்டும் சொல்வார். இன்னொரு தடவை அந்தச் சிறு காயைக் காணோம். எலியோ கோழியோ கொண்டுபோய்விட்டது. மதினி பெட்டி படுக்கையெல்லாம் இழுத்துப்போட்டுத் தேடினாள், எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் அண்ணன் ஜீப்பை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு சிறுத்த காயை எடுத்து அந்த நம்பர் இல்லாத வீட்டில் வைத்தார், பின்கட்டுக்குப் போய் முகம் கழுவ ஆரம்பித்தார். மலையில் எத்தனை செடிக்குக் கீழே குனிந்து அதைத் தேடினாரோ. வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

பரீட்சை மதுரையில். சிறு குறிப்பு வரைக என்று நாலைந்து கேட்டிருந்தார்கள், அதில் ஒன்று சிறுவர் சிலுவைப் போர். கை தானாக ஓடியது. வருஷம் எழுதினேன், புறப்பட்ட ஊர்கள் எழுதினேன், கடல் விலகாததை எழுதினேன். திரும்பி வரும் ரயிலில், ஆண்டிபட்டி தாண்டும்போதுதான் சுரீர் என்றது. பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள் என்று முடித்திருந்தேன். அட அறிவுகெட்டவளே! அத்தனை நாள் காயைப் பழம் ஆக்கி ஆக்கி, அதுவே மனதில் சரித்திரமாகப் பதிந்துபோயிருந்தது.

போடியில் இறங்கினால் வேப்பமரத்தடியில் மதினி. "வந்தாச்சா?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் தாயத்தால் என் பரீட்சை போச்சு என்று கத்தினேன். என்ன எழுதினேன் என்று முழுக்கக் கேட்டுக்கொண்டாள். திட்டியதெல்லாம் அவள் காதில் ஏறவே இல்லை.

"நெசமாவே எழுதிட்டியா, வந்து சேர்ந்தாகன்னு?"

"எழுதித் தொலைச்சுட்டேன் மதினி."

"திருத்துறவுக அதை வாசிப்பாகல்ல?"

"வாசிச்சுச் சுழிச்சுத் தள்ளுவாக."

"வாசிக்கட்டும். எங்கனயோ ஒரு ஆளாவது அப்புடி வாசிக்கட்டும்" என்றாள். அப்புறம் என்னை விட்டுவிட்டு ரயிலின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள்.

அந்தப் பேப்பர் போச்சு. மறு தடவை எழுதித் தேறினேன். கப்பலைப் பற்றியும் விற்றதைப் பற்றியும் புத்தகத்தில் உள்ளபடியே எழுதினேன், அதை அவளிடம் சொல்லவில்லை. ராசிங்காபுரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது, அது வேறு கதை, அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாங்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. தரையைக் கழுவும்போதெல்லாம் சாக்பீஸ் நம்பர் அழியும், மறுபடி போடுவேன். நாலு போட்டு, ஒரு வீட்டை விட்டு, அஞ்சு போடுவேன். இப்படியே எண்பத்தைந்து வந்துவிட்டது.

அந்த வருஷம் ஓர் ஐப்பசி ஞாயிறு. ஆட்டம் பாதியில் இருந்தபோது கீழத்தெருப் பையன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பையன் என்ன, மீசை வைத்த ஆள். ஏலக்காய்க் கடையில் லோடு தூக்குகிறவன். மகனோடு முறுக்குக் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளைகளில் ஒருவன். ரோட்டில் எங்கே பார்த்தாலும் மதினி அவனை நிறுத்தி, சாப்பிட்டாயா என்று கேட்பாள். அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் சந்துக்குள் நுழைந்துவிடுவான். திமிர் பிடித்தவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கையில் வெற்றிலை பாக்குத் தட்டு, கல்யாணப் பத்திரிகை. கட்டிக்கொள்ளப்போகிற பெண் பொட்டிபுரமாம். மலையில் ஓடைக்கரையில் கால் பிசகிக் கிடந்தவளை மதினி தூக்கி வந்தாளே, அவளுடைய மகள். மதினியை அழைக்காமல் கல்யாணம் இல்லை என்று அந்தம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேறு வழியில்லாமல் வந்திருக்கிறான்.

மதினிக்குத் தலைகால் புரியவில்லை. பாய் விரித்தாள், காப்பி போட்டாள். "அவனும் உன் சோட்டுத்தானப்பா. ரெண்டு மாசம் இளையவன். அவன் வந்துட்டான்னா அவனுக்கும் வெரசா ஒண்ணு பாத்துப்புடணும். உன் பொண்டாட்டிக்குத் தங்கச்சி இருக்காம்ல?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அத்தே, அவன் ஓடிப்போகலை."

அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வடக்கே போன அந்த வருஷமே, மழைக்காலத்தில், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அடுப்படிக்குப் பின்னால் சாக்கில் படுக்கவைத்திருந்தார்கள். டாக்டரிடம் காட்டவில்லை. ஒரு விடியலில் செத்துப்போனான். எங்கேயோ கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, ஓடிப்போய்விட்டான் என்றுதான் ஊரில் சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்கிற பிள்ளையை ஊருக்கே அனுப்பமாட்டேன் என்று முதலாளி எல்லோரையும் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணவைத்திருக்கிறான். பிள்ளைகள் சொன்னார்கள். வீடு வந்து சேர வேண்டுமே. வளர்ந்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. மதினி அவன் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"சாகும்போது கூட யாரு இருந்தா?"

"நாந்தான் அத்தே. தண்ணி கேட்டான். குடுத்தேன். பெறகு என் கையப் புடிச்சுக்கிட்டுத் தூங்குனான். தூங்குறான்னுதான் நெனச்சேன்."

மதினி அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லோடு தூக்கிக் காய்த்துப்போன கை. அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அழவில்லை. தட்டை வாங்கிக்கொண்டாள். "கலியாணத்துக்கு வர்றேன்ப்பா. கட்டாயம் வர்றேன். பொண்ணுகிட்ட இதெல்லாம் இப்பச் சொல்லிக்கிட்டு இருக்காத" என்று வாசல்வரை போய் அனுப்பிவைத்தாள்.

திரும்பி வந்து கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். ரயில் நேரம் ஆனபோது மதினி எழுந்தாள். முகத்தைத் துடைத்தாள், சேலையை இழுத்துச் செருகினாள், செருப்பில் காலை விட்டாள். நிலைப்படியில் நின்றுவிட்டாள். திரும்பி என்னைக் கேட்டாள்.

"நான் இப்ப எங்கத்தா போறேன்?"

கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. நின்ற சத்தமும் கேட்டது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"அதுக்கு நம்பரைப் போட்டுரு" என்றாள்.

எனக்குப் புரிந்தது. சாக்பீஸை எடுத்தேன். நாலுக்குப் பக்கத்தில், அத்தனை வருஷம் வெறுமையாகக் கிடந்த வீட்டில் அஞ்சு என்று போட்டேன். அடுத்த வீட்டு அஞ்சை அழித்து ஆறு ஆக்கினேன். ஆறு ஏழாச்சு. ஏழு எட்டாச்சு. எட்டு ஒன்பதாச்சு. மதினி குனிந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணினாள். "சரியா இருக்கு" என்றாள். அப்புறம் அந்தத் தரையிலேயே நெற்றியை வைத்து அழுதாள். பத்து வருஷ அழுகை.

தெருமுனையில் ஜீப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்தாள். அண்ணனுக்குத் தெரியாது. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். "பாவம், காலையில போன மனுசன். மொதல்ல சாப்புடட்டும். பெறகு பக்குவமாச் சொல்லுவோம்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். தட்டில் சோற்றைப் போட்டாள்.

அண்ணன் உள்ளே வந்தார்.

"வந்தாச்சா?" என்று அடுப்படியிலிருந்து மதினி கேட்டாள். குரல் என்றைக்கும் போலத்தான் இருந்தது.

"ம்" என்று சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். ஆணியில் மாட்டத் திரும்பியவர் கண்ணில் தரை பட்டது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, அந்த நம்பரை அழித்திருக்க வேண்டும், குறைந்தது அதன்மேல் உட்கார்ந்தாவது மறைத்திருக்க வேண்டும் என்று. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். நாலு, பக்கத்தில் அஞ்சு. கையில் சட்டையோடு அப்படியே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பத்து வருஷத்தில் பார்த்ததில்லை. உள் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார், பின்கட்டுப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வந்துட்டானா?" என்று கேட்டார்.